மின்சாரம் மீண்டபின்: கணினியின் தொடக்கப் பதிவேடு பற்றிய ஓர் ஆய்வு

வினா

இரணைமடுக் குளத்துக்கு அணித்தாயுள்ள அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கணினிப் பொறியியலைப் போதிக்கத் தொடங்கிய காலந்தொட்டு, இப்பிரதேசத்து இளைஞர் பலருக்குக் கணினி என்பது பயன்படுத்தும் கருவி என்ற நிலையைக் கடந்து, உட்புகுந்து ஆராய வேண்டிய ஒரு சாத்திரமாகவும் ஆகியிருக்கின்றது. கச்சேரியிலும், வங்கியிலும், வைத்தியசாலையிலும், பாடசாலையிலும் மின்சாரம் தடைப்பட்டு மீளுந்தோறும் கணினிகள் மறுபடி இயங்கத் தொடங்குகின்றன. அவ்வேளையில் திரையிலே ஒரு சின்னமும் சுழலுகின்ற ஒரு வட்டமும் மாத்திரமே நமக்குத் தென்படுகின்றன. ஆயினும் அத்திரைக்குப் பின்னே, நினைவகம் எவ்வளவு உள்ளது, வன்தட்டு எங்கே இருக்கின்றது, சென்றமுறை கணினி ஒழுங்காக நிறுத்தப்பட்டதா என்றெல்லாம் இயங்குதளம் தானே வினவித் தானே விடை கண்டு, கண்டவற்றை நூற்றுக்கணக்கான வரிகளில் எழுதிக்கொண்டு செல்கின்றது.

அந்த வரிகள் எங்கே எழுதப்படுகின்றன, எத்தனை நாள் நிலைத்திருக்கின்றன, எந்தக் கடிகாரத்தைக் கொண்டு நேரமிடப்படுகின்றன, யாரால் வாசிக்கப்பட வேண்டும் என்பனவே இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட விஷயங்கள். மின்வழங்கல் சீராயுள்ள நகரங்களிலே இவை நிபுணர்களின் தனிப்பட்ட அக்கறையாக இருந்துவிடலாம். மின்வெட்டும் இடிமின்னலும் வருடந்தோறும் யந்திரங்களைப் பழுதாக்குகின்ற இவ்வன்னிப் பிரதேசத்திலே, தொடக்கப் பதிவேட்டைப் பேணுவது அலுவலகம் ஒன்றின் கணக்கேட்டைப் பேணுவதற்கு நிகரான கடமை என்பது என் துணிபு. அதனை நிறுவுதற்குப் பதிவேடு பிறக்கின்ற இடத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

எழுத இடமில்லாத வேளை

தொடக்கப் பதிவேட்டின் பிரதான சிக்கல், எழுதுவதற்கு உரிய இடம் ஆயத்தமாகும் முன்னரே எழுத வேண்டியவை நிகழ்ந்துவிடுகின்றன என்பதே. மின்சாரம் வந்தவுடன் முதலிற் செயற்படுவது தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிலைபொருள். அது நினைவகத்தையும் பிற உறுப்புகளையும் பரிசோதிக்கின்றது. 1981 ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினி, இப்பரிசோதனை நன்கு முடிந்தால் ஒரேயொரு குறுகிய ஒலியை எழுப்பியது. குறை இருப்பின் ஒலிகளின் எண்ணிக்கையாலும் நீளத்தாலும் அக்குறையை உணர்த்தியது. கேட்பவர் அருகில் இல்லையாயின் அவ்வொலிக்குச் சாட்சி எதுவும் எஞ்சுவதில்லை.

நிலைபொருளுக்குப் பின் இயங்குதளத்தின் கருவாகிய கெர்னல் நினைவகத்தில் ஏற்றப்படுகின்றது. அது தன் முதல் வரியை எழுதும் தருணத்தில் வன்தட்டு எது என்பது அதற்கே தெரியாது, தட்டை இயக்கும் நிரல் இன்னும் விழிப்படையவில்லை, கோப்புமுறைமை இணைக்கப்படவில்லை. எனவே கெர்னல் தன் செய்திகளை நினைவகத்திலேயே ஒதுக்கப்பட்ட ஒரு சுழல் இடையகத்தில் எழுதுகின்றது. லினக்ஸில் இவ்விடையகம் பொதுவாக 128 அல்லது 256 கிலோபைட்டு அளவினது. அது நிரம்பியதும் புதிய வரி பழைய வரியின் மேல் எழுதப்படும். ஆதலால், நெடுநேரம் ஓடிய கணினியொன்றில் வேறு செய்திகள் மிகுமாயின் தொடக்கச் செய்திகளே முதலில் அழிந்துபோகும்.

கோப்புமுறைமை இணைக்கப்படும்போதும் ஒரு நிபந்தனை உண்டு. மூலக் கோப்புமுறைமை முதலிலே வாசிப்புக்கு மாத்திரம் திறக்கப்பட்டு, பழுதுண்டா என்று சோதிக்கப்பட்ட பின்னரே எழுதுவதற்குத் திறக்கப்படுவது வழக்கம். பதிவேடு வைக்கப்படும் அடைவு வேறொரு பிரிவில் இருப்பின் அது இன்னும் பிந்தியே கிடைக்கும். இந்த இடைவெளியில் எழுந்த செய்திகள் யாவும் நினைவகத்தில் காத்திருந்து, இடம் திறந்ததும் ஒருங்கே தட்டுக்கு இறங்குகின்றன. அதற்கு முன் மின்சாரம் மறுபடி போய்விட்டால், அத்தொடக்கத்தைப் பற்றி ஓர் எழுத்தும் மிஞ்சாது. பின்வந்த முறைமைகள் யாவும் இந்த ஒரு சிக்கலுக்குக் கண்ட வெவ்வேறு பரிகாரங்களே எனலாம்.

யூனிக்ஸ் மரபு

ஆதியில் யூனிக்ஸ் கணினிகளின் கட்டுப்பாட்டு முனையம் தாளில் அச்சிடும் தட்டச்சு யந்திரமாக இருந்தமையால், தொடக்கச் செய்திகள் தாமாகவே நிலையான ஏடாக அமைந்தன. தாளின் இடத்தைக் கண்ணாடித் திரை பிடித்துக்கொண்டபோது அச்சாட்சியம் மறைந்தது. அக்குறையைத் தீர்க்க, கெர்னலின் இடையகத்திலுள்ளவற்றை வாசித்துக் காட்டும் ‘டிமெஸ்க்’ என்னும் கட்டளை பெர்க்லிப் பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் வழியாகப் பரவியது. அம்மரபில் வந்த ஃப்ரீபிஎஸ்டி இன்றும், தொடக்கம் முடிந்தவுடன் இடையகத்தின் பிரதியொன்றைத் தனிக் கோப்பாக எழுதி வைத்துவிடுகின்றது. பிறகு இடையகம் எத்துணை முறை சுழன்றாலும் அப்பிரதி கெடுவதில்லை. எளிமையும் பயனும் ஒருங்கமைந்த ஏற்பாடு அது.

1980களில் அதே பெர்க்லியில் எரிக் ஆல்மன், தாம் ஆக்கிய சென்ட்மெயில் என்னும் அஞ்சல் மென்பொருளின் தேவைக்காக ‘சிஸ்லாக்’ முறையை வகுத்தார். எந்த நிரலாயினும் தன் செய்தியை ஒரு பொதுப் பணியாளரிடம் ஒப்படைக்க, அப்பணியாளர் செய்தி வந்த துறையையும் அதன் தாரதம்மியத்தையும் நோக்கி உரிய கோப்பில் சேர்ப்பதே அம்முறை. பேராபத்து முதலாகப் பிழைதிருத்தக் குறிப்பு ஈறாகச் செய்திகளை எட்டுப் படிகளாகத் தரப்படுத்திய அவ்வகுப்பு இன்றளவும் மாறவில்லை. வேறொரு கணினிக்கு வலையமைப்பு வழியே செய்தியை அனுப்பிவைக்கும் வசதியும் அதில் இருந்தது. ஆயினும் நெடுங்காலம் அது எழுதப்படாத வழக்காகவே நிலவி, 2001 இலேதான் இணையத் தொழில்நுட்பக் குழுவின் 3164 ஆம் இலக்க ஆவணத்தில் விவரிக்கப்பட்டது. அவ்வடிவத்தின் நேரக் குறிப்பில் மாதமும் நாளும் மணியும் உண்டு. ஆண்டும் நேரவலயமும் இல்லை. 2009 இல் வந்த 5424 ஆம் இலக்க ஆவணமே அவ்விரண்டையும் சேர்த்தது.

சிஸ்லாக் பணியாளர் தானும் கோப்புமுறைமை திறந்த பின்னரே பணி தொடங்குபவர். கெர்னலின் செய்தி இடையகத்தில் காத்திருக்கும். ஆனால் தொடக்க நிரல்கள் திரையிலே காட்டிவிட்டுப் போகும் செய்திக்குக் காத்திருக்க இடமில்லை. இதற்காகவே டெபியன் லினக்ஸில் ‘பூட்லாக்டி’ என்ற சிறு நிரல், திரைக்குச் செல்வனவற்றை இடைமறித்துச் சேகரித்தது. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ், அளவு வரையறுக்கப்பட்ட சுழற்கோப்பொன்றில் தொடக்கச் செய்திகளை இட்டது. 2005 இன் சோலாரிஸ் 10, ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனிப் பதிவேடு வைத்து, எந்தச் சேவை எழும்பாமல் நின்றது என்பதைத் தேடுவதற்குரிய நேரத்தைப் பெரிதும் குறைத்தது.

விண்டோஸ் மரபு

நம் அலுவலகங்களிற் பெரும்பாலானவை விண்டோஸையே கையாளுவதால் அதன் வழக்கத்தைத் தனியே நோக்குதல் தகும். 1995 இல் வந்த விண்டோஸ் 95, தொடக்கத்தின்போது விரும்பினால் ‘பூட்லாக்’ என்னும் எழுத்துக்கோப்பை ஆக்கியது. ஒவ்வோர் இயக்கி நிரலையும் ஏற்ற முயன்றபோது ஒரு வரியும், முயற்சி வென்றபோதோ தோற்றபோதோ மற்றொரு வரியும் அதில் இடம்பெறும். முயற்சி வரி மட்டும் நின்று முடிவு வரி இல்லையெனில், கணினி உறைந்தது அவ்விடத்திலேதான் என்று கண்டுகொள்ளலாம். இதனினும் விசேடமானது, வன்பொருளைக் கண்டறியும் கட்டத்தில் அது வைத்த ‘டெட்கிராஷ்’ என்னும் கோப்பு. எந்தச் சோதனையை இப்போது செய்யப்போகின்றோம் என்பதை முன்கூட்டியே அதில் எழுதிவிட்டுத்தான் முறைமை அச்சோதனையில் இறங்கும். சோதனையிலே கணினி உறைந்து, பயனர் அதனை நிறுத்தி மீண்டும் இயக்கினால், முறைமை தன் கோப்பைத் தானே வாசித்து, முன்னர் இடறிய அச்சோதனையை விலக்கிவிட்டு மேலே செல்லும். செயலுக்கு முன் எழுது என்ற விதியின் பிரயோசனத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் அரிது.

1993 இல் வந்த விண்டோஸ் என்டி வேறொரு பாதையை வகுத்தது. முறைமை, பாதுகாப்பு, பயன்பாடு என்ற பகுப்புகளில் நிகழ்வுகள் பதியப்பட்டு, ஒவ்வொரு நிகழ்வும் ஓர் இலக்கத்தால் அறியப்பட்டது. பதிவுச் சேவை தொடங்கியது என்பதற்கு 6005. அது ஒழுங்காக நிறுத்தப்பட்டது என்பதற்கு 6006. முந்திய நிறுத்தம் எதிர்பாராதது என்பதற்கு 6008. இறுதியாகச் சொன்ன பதிவு எவ்வாறு சாத்தியமாகின்றது என்பதைச் சிந்திப்பது நன்று. மின்சாரம் போகின்ற கணத்தில் கணினி எதையும் எழுத இயலாது. ஆகையால் அது இயங்கிக்கொண்டிருக்கும்போதே, தான் இன்னும் இயங்குகின்றேன் என்ற குறிப்பை நேரத்துடன் இடையிடையே எழுதி வைக்கின்றது. மறுமுறை தொடங்கும்போது, ஒழுங்கான நிறுத்தத்துக்குரிய குறிப்பு இல்லாமையைக் கண்டு, கடைசியாக எழுதிய நேரத்தையே வீழ்ந்த நேரமாக அறிவிக்கின்றது. ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவும், ஒழுங்காக நிறுத்தப்படாமலே கணினி மறுபடி தொடங்கியது என்பதைப் பிற்காலப் பதிப்புகளில் தெரிவிக்கின்றது. இவ்விரு இலக்கங்களையும் தேடிப் பார்க்கத் தெரிந்த ஓர் எழுதுவினைஞர், தம் அலுவலகத்தில் சென்ற மாதம் எத்தனை முறை மின்சாரம் கணினியை வீழ்த்தியது என்பதை அரைமணி நேரத்தில் அட்டவணைப்படுத்திவிடலாம்.

ஜர்னலும் அது எழுப்பிய விவாதமும்

2010 இல் லெனார்ட் பொட்டெரிங், கே சீவர்ஸ் ஆகியோர் லினக்ஸின் தொடக்கப் பணிகளை நடத்தும் ‘சிஸ்டம்டி’யை அறிமுகஞ் செய்தனர்; 2011 நவம்பரில் அதனோடு ‘ஜர்னல்’ என்னும் பதிவுமுறையும் முன்வைக்கப்பட்டது. கெர்னலின் செய்தி, சேவைகளின் செய்தி, சிஸ்லாக்குக்கு அனுப்பப்பட்ட செய்தி ஆகிய யாவற்றையும் ஆதிக் கட்டத்திலிருந்தே ஒரே இடத்தில் திரட்டுவது அதன் நோக்கம். ஒவ்வொரு தொடக்கத்துக்கும் கெர்னல் உண்டாக்குகின்ற 128 பிட்டு அடையாள எண் அத்தொடக்கத்தின் செய்திகள் யாவற்றிலும் பொறிக்கப்படுவதால், சென்ற தொடக்கம், அதற்கு முந்திய தொடக்கம் என்று வேறு வேறாகப் பிரித்து வாசித்தல் இயலுவதாயிற்று. இதுவே தொடக்கப் பதிவேட்டின் சரித்திரத்தில் ஜர்னலின் தலையாய பங்களிப்பு என்பது என் அபிப்பிராயம்.

ஆயினும் அது எழுத்துக்கோப்பாக இராமல் இருமக் கோப்பாக இருந்தமை பெரும் விவாதத்தை எழுப்பியது. எந்தக் கருவியுமின்றி எங்கும் வாசிக்கத்தக்கது எழுத்துக்கோப்பே என்றும், பாதி பழுதானாலும் எஞ்சிய பாதியை வாசிக்கலாம் என்றும் ஒரு சாரார் வாதித்தனர். நேரத்தாலும் சேவையாலும் விரைந்து தேடுவதற்கும், பின்னர் திருத்தப்பட்டதா என்று சோதிப்பதற்கும் இருமமே தகும் என்றனர் மறுசாரார். காலம் இரண்டாம் பக்கம் சாய்ந்திருக்கின்றது: 2023 இல் வெளிவந்த டெபியன் 12, எழுத்துக்கோப்பில் பதியும் ஆர்சிஸ்லாக்கை இயல்புநிலையில் நிறுவுவதைக் கைவிட்டது. ஆப்பிள் நிறுவனமும் 2016 இன் மேக்ஓஎஸ் சியெரா முதல் இருமப் பதிவுக்கே மாறிவிட்டது.

வன்னி வாசகர் கவனிக்க வேண்டியது வேறு இரண்டு விவரங்களை. முதலாவது, ‘ஆட்டோ’ என்னும் அமைப்பில் ஜர்னலுக்கென நிலையான அடைவு தட்டில் இருந்தாலன்றிப் பதிவு நினைவகத்திலேயே தங்கிவிடும். மின்சாரம் போனால் அதுவும் போகும். இரண்டாவது, நிலையான அடைவு இருந்தாலுங்கூட, கடுமை குறைந்த செய்திகளைத் தட்டில் உறுதிப்படுத்த ஜர்னல் இயல்பாக ஐந்து நிமிடம் வரை காலம் எடுத்துக்கொள்ளும். மிகக் கடுமையான மூன்று படிச் செய்திகளை மாத்திரமே உடனுக்குடன் உறுதிப்படுத்தும். மின்தடை அரிதாகிய தேசத்தில் ஐந்து நிமிடம் பெரிதன்று. நமக்கோ வீழ்ச்சிக்கு முந்திய ஐந்து நிமிடமே விலைமதிப்புள்ளது.

எந்தக் கடிகாரம்?

பதிவேட்டின் ஒவ்வொரு வரிக்கும் நேரம் வேண்டும். ஆனால் தொடங்குகின்ற கணினிக்கு நேரம் எங்ஙனம் தெரியும்? லினக்ஸ் கெர்னல் தன் வரிகளுக்குச் சுவர்க்கடிகார நேரத்தை இடுவதில்லை. தான் தொடங்கிய கணத்தைச் சுழியமாகக் கொண்டு கழிந்த வினாடிகளையே சதுர அடைப்பினுள் இடுகின்றது. அக்கணக்கு பின்னோக்கிச் செல்லாது; எனவே எது முன், எது பின் என்பதற்கு அது நம்பத்தகுந்த பிரமாணம். நாளும் மணியும் தெரிய வேண்டுமாயின், தாய்ப்பலகையிலுள்ள சிறு மின்கலத்தால் ஓடும் கடிகாரத்தை வினவ வேண்டும். அம்மின்கலம் தேய்ந்தால் கணினி பழைய தேதியொன்றில் விழிக்கும். 2023 இல் வந்த ஐந்தாம் பதிப்புக்கு முற்பட்ட ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளுக்கு அக்கடிகாரமே இல்லை. யூனிக்ஸ் கணக்கின் ஆதிநாளுக்குத் திரும்பிவிட்ட சாதனமொன்று நம் நாட்டு நேரப்படி 1970 சனவரி 1 ஆந் தேதி காலை ஐந்தரை மணி என்று பதிவிடுமாயின், கடிகாரம் அற்றுப்போன நிலை அதுவென்று உணர்ந்துகொள்ள வேண்டும்.

கடிகாரம் சரியாக ஓடினும் நேரவலயம் மற்றுமொரு பிரச்சினை. அதற்கு உலகம் அறியத்தக்க உதாரணம் வன்னியிலேயே உண்டு. 1996 இல் மின்பற்றாக்குறையை முன்னிட்டு இலங்கை அரசாங்கம் மே 25 இல் கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, ஒக்ரோபர் 26 இல் அரை மணித்தியாலம் பின்னிழுத்தது. அதன்படி கிறீனிச் நேரத்தினும் ஆறு மணித்தியாலம் முந்திய நேரம் 2006 ஏப்ரல் நடுப்பகுதி வரை நாட்டின் நேரமாக இருந்தது. விடுதலைப் புலிகள் அம்மாற்றத்தை ஏற்கவில்லை. ஆதலால் அவர்களது நிருவாகத்திலிருந்த வன்னிப் பகுதிகளில் பழைய ஐந்தரை மணி வித்தியாசமே தொடர்ந்தது. உலகக் கணினிகள் யாவும் ஆதாரமாகக் கொள்ளும் நேரவலயத் தரவுத்தளத்தின் இலங்கைக் குறிப்புகளில், இந்த மறுப்பைத் தெரிவிக்கும் 2006 ஆம் ஆண்டுச் செய்தியொன்று இன்றும் காணப்படுகின்றது.

இதன் விளைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2001 இல் வன்னியிலே சுவர்க்கடிகாரம் காலை பத்து மணியைக் காட்டியபோது கொழும்பில் பத்தரை. கணினியில் ‘ஆசியா/கொழும்பு’ என்ற வலயத்தைத் தெரிந்திருந்தால் பதிவேடும் பத்தரை என்றே சொல்லும். கையேட்டில் மனிதர் எழுதியதோ பத்து. இந்திய வலயத்தைத் தெரிந்தாலன்றி அவை இரண்டும் பொருந்தா. ஆண்டும் வலயமும் அற்ற பழைய சிஸ்லாக் வரியொன்றை இன்று ஒருவர் கையிலெடுத்தால், அது எந்நேரத்தைக் குறித்தது என்று தீர்மானிக்க அதனுள் ஆதாரம் எதுவுமில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடும் ஜர்னலும் சர்வதேசப் பொது நேரத்தையே சேமித்து, காட்டும்போது மாத்திரம் உள்ளூர் நேரமாக மாற்றுவது இக்குழப்பத்தைத் தவிர்க்கவே. நேரத்தைப் பொதுவில் எழுது, ஊருக்கேற்ப வாசி என்பதே இதிலிருந்து பெறப்படும் நெறி.

ஒரு மின்தடையின் பதிவு

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நாடெங்கும் மின்வெட்டு நீடித்ததும், 2025 பெப்ரவரி 9 ஞாயிறு முற்பகலில் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்றினால் நேர்ந்ததாகக் கூறப்பட்ட கோளாறு தீவு முழுவதையும் மின்சாரமின்றி ஆக்கியதும் வாசகர் நினைவில் இருக்கும். அத்தகைய தடையின் பின் எழுகின்ற லினக்ஸ் கணினியொன்றின் பதிவேட்டை வரிவரியாக வாசிப்போம்.

சுழிய வினாடியில் முதல் வரி கெர்னலின் பதிப்பைக் கூறும். அடுத்த வரி அதற்கு இடப்பட்ட கட்டளைகளை; தொடர்ந்து நிலைபொருள் அறிவித்த நினைவகப் பகுதிகளின் வரைபடம்; பின்னர் செயலி, தட்டு, வலையமைப்பு அட்டை. சில வினாடிகளில் ‘எக்ஸ்ட்4’ கோப்புமுறைமையின் குரல் எழும்: வாசிப்புக்கு மாத்திரம் திறந்த கோப்புமுறைமையில் மீட்பு தேவைப்படுகின்றது என்று ஒரு வரி, மீட்பின்போது எழுதும் அனுமதி வழங்கப்படும் என்று ஒரு வரி, அநாதையான கோப்புகள் துப்புரவாக்கப்படுகின்றன என்று ஒரு வரி, மீட்பு நிறைவுற்றது என்று ஒரு வரி. மின்சாரம் போன கணத்தில் பாதியில் நின்ற எழுத்துகள் கோப்புமுறைமையின் சொந்தக் குறிப்பேட்டிலிருந்து மீட்கப்பட்டன என்பதே இதன் தாற்பரியம். அதன்பின் ஜர்னல் விழித்து, தனது பழைய கோப்பு ஒழுங்காக மூடப்படாமையால் அதற்கு வேறு பெயரிட்டுப் புதியதொன்றைத் தொடங்குவதாக அறிவிக்கும்.

இவ்வரிகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. முறைமை செய்ய வேண்டியதைச் செய்தது என்பதற்கு அவை சான்று. அஞ்ச வேண்டியது, தட்டிலிருந்து வாசிக்க முடியவில்லை என்ற வரி ஒவ்வொரு தொடக்கத்திலும் பெருகிவருமாயின். மின்தடை பலமுறை தாக்கிய தட்டு இறப்பதற்கு முன்னர் பெரும்பாலும் இவ்வாறே முறையிடுகின்றது. சென்ற பத்துத் தொடக்கங்களை ஒப்பிட்டு வாசிப்பவருக்கு அம்முறையீடு உரிய காலத்திற் கேட்கும். பிரதியெடுக்க அவகாசமும் கிடைக்கும். இப்பதிவேட்டில் கெர்னலின் உள்விவரங்களும் அடங்குவதால் பல லினக்ஸ் வெளியீடுகள் அதனை நிருவாகிக்கு மாத்திரமே காட்டுகின்றன; ஆகவே அலுவலகத்தில் ஒருவருக்கேனும் அவ்வதிகாரமும் பயிற்சியும் வழங்கப்பட்டிருத்தல் அவசியம்.

எழுதுமுன் வீழும் யந்திரம்

தட்டு கிடைக்கும் முன்னரே யந்திரம் வீழ்ந்தால் என் செய்வது? இதற்கு மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. தொடர்நிலை வாயில் வழியே ஒவ்வோர் எழுத்தையும் அப்போதைக்கப்போதே வேறொரு கணினிக்கு அனுப்புவது பழையதும் நம்பத்தகுந்ததுமான வழி. லினக்ஸின் ‘நெட்கன்சோல்’ அதையே வலையமைப்பு வழியாகச் செய்கின்றது. ‘பிஸ்டோர்’ என்னும் ஏற்பாடு, கெர்னல் நிலைகுலையும் கணத்தில் இறுதிச் செய்திகளை நிலைபொருளின் அழியா நினைவகத்தில் இட்டு, மறுதொடக்கத்தில் எடுத்துத் தருகின்றது. தொடக்கம் நிறைவேறிய கணினிகளுக்கோ, செய்திகளை மற்றோரிடத்துப் பதிவுக் கணினிக்கு உடனுக்குடன் அனுப்பிவைக்கும் சிஸ்லாக் முறையே போதுமானது.

வேறிடத்தில் ஒரு பிரதி என்பதன் அருமையை இப்பிரதேசத்து மக்களுக்கு விளக்க நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. 2018 டிசம்பர் பிற்பகுதியில் பெருமழையால் இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கியபோது, கதவுகள் எந்நேரத்தில் எவ்வளவு திறக்கப்பட்டன, முன்னரே திறந்திருக்கலாகாதா என்ற வினாக்கள் பொதுமக்களிடையே எழுந்தன. கனகராயன் ஆற்றின் வரத்தும் குளத்தின் நீர்மட்டமும் கதவின் நிலையும் நேரத்துடன் எழுதப்பட்ட அளவுக்கே அத்தகைய வினாவுக்கு நேர்மையான விடை கிடைக்கும். அவ்வேடும் வெள்ளம் எட்டாத இடத்தில் இருத்தல் வேண்டும். கணினியின் பதிவேட்டுக்கும் இதே நியாயம் பொருந்தும்: விபத்துக்கு உள்ளாகும் யந்திரத்தினுள்ளேயே விபத்தின் ஒரே சாட்சியத்தையும் வைத்திருத்தல் விவேகமாகாது.

மொழி

இச்செய்திகள் எம்மொழியில் உள்ளன என்பதும் ஆராயத்தக்கது. லினக்ஸ் கெர்னலின் செய்திகள் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டு ஆங்கிலத்திலேயே சேமிக்கப்படுகின்றன. விண்டோஸின் அமைப்போ வேறு: பதிவேட்டில் நிகழ்வின் இலக்கமும் மாறுகின்ற விவரங்களும் சேமிக்கப்பட, வாக்கியம் வாசிக்கும்போதுதான் பொருத்தப்படுகின்றது. ஜர்னலிலும் செய்திக்கு ஓர் அடையாள எண்ணை வழங்கி, அதற்குரிய விளக்கத்தைப் பல மொழிகளில் தனிப் பட்டியலாக வைக்க இடமுண்டு. எண்ணும் வாக்கியமும் பிரிந்து நிற்பதால், பழுது தேடுபவர் எண்ணைக் கொண்டு உலகெங்கும் உள்ள அநுபவத்தைத் துணைக்கழைக்கலாம். அருகிலிருப்பவரோ தம் மொழியில் அதன் பொருளை அறியலாம்.

இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டி லினக்ஸின் திரை மொழியைத் தமிழாக்கத் தொண்டர்கள் பலர் உழைத்தனர். பட்டியற் சொற்களும் பொத்தான் சொற்களும் தமிழாயின. ஆனால் யந்திரம் துன்புறும்போது கூறும் சொற்களை எளிய தமிழில் விளக்கும் பணி இன்னும் விரிவடைய வேண்டும். அடிக்கடி எழுகின்ற ஒரு நூறு செய்திகளுக்கு, இது என்ன, ஏன் நேர்ந்தது, செய்ய வேண்டியது யாது என்று தமிழில் விளக்கம் எழுதுவது அறிவியல்நகர் மாணவர் ஓர் ஆண்டுச் செயற்றிட்டமாக மேற்கொள்ளத்தக்க நற்பணி.

முடிவு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால், பதிவேட்டின் பயன் மூன்று பொருள்களில் தங்கியிருக்கின்றது என்பது பெறப்படும். நிகழ்வுக்கு முன்னரோ நிகழும்போதோ எழுதப்படுதல், மின்சாரம் போனாலும் நிலைத்திருத்தல், எவரும் ஐயமின்றி அறியத்தக்க நேரத்தைத் தாங்கியிருத்தல் என்பனவே அவை. எழுத்துக்கோப்பா இருமக்கோப்பா என்ற விவாதம் இம்மூன்றுக்கும் அடுத்த படியிலேயே வைத்து எண்ணத்தக்கது.

ஆதலின் வன்னியில் கணினியைப் பொறுப்பேற்றிருப்போர் செய்ய வேண்டியவை தெளிவானவை. லினக்ஸ் கணினிகளில் ஜர்னலுக்கு நிலையான அடைவை அமைத்து, உறுதிப்படுத்தும் இடைவெளியை ஐந்து நிமிடத்திலிருந்து சில வினாடிகளாகக் குறைத்தல். அது தட்டைக் கூடுதலாக உழைக்கச் செய்யுமாயினும், இழக்கும் சாட்சியத்தோடு ஒப்பிட அச்செலவு சிறிது. விண்டோஸ் கணினிகளில் முறைமைப் பதிவேட்டின் அளவைக் கூட்டி, 41, 6008 ஆகிய பதிவுகளை மாதந்தோறும் எண்ணிக் குறித்தல். கடிகார மின்கலம் தேய்ந்த கணினிகளுக்குப் புதியதை இடுதல். பிரதான கணினிகளின் செய்திகள் தடையிலா மின்வழங்கி பொருத்திய வேறொரு கணினியிலும் சேருமாறு செய்தல். பாடசாலைகளில் தகவல் தொழில்நுட்பம் போதிப்போர், கணினியை நிறுத்தும் முறையைக் கற்பிக்கும் அதே வகுப்பில், அது மறுபடி எழும்போது எழுதியதை வாசிக்கவும் கற்பித்தல்.

இவற்றுள் மின்கலமும் மின்வழங்கியும் தவிர மற்றவற்றுக்குப் பணமே தேவையில்லை. அமைப்புகளை மாற்றுவதற்கு ஒரு பிற்பகல் போதும். ஐப்பசியில் மழையும் இடியும் தொடங்கும் முன்னர் ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு பாடசாலையும் அப்பிற்பகலை ஒதுக்குமாயின், அவ்வருட மாரியில் எத்தனை யந்திரங்கள் எக்காரணத்தால் வீழ்ந்தன என்பதை ஊகத்தால் அன்றிச் சான்றுகொண்டு பேசவும், மின்சார சபையிடமும் திணைக்களங்களிடமும் உரிய கோரிக்கையை ஆதாரத்துடன் முன்வைக்கவும் இப்பிரதேசத்தால் இயலும்.